பட்டனை அழுத்திய பிறகு ஒரு நொடி

எனக்குத் திக்கும். எழுதுவதால் இது ஒரே மூச்சில் வந்துவிட்டது. வாயால் சொல்லச் சொல்லியிருந்தால் இந்நேரம் முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றிருப்பேன், நீங்களும் பாவம் பார்த்து மிச்சத்தை முடித்துவைத்திருப்பீர்கள். நாற்பத்து மூன்று வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், பெண் பார்க்கப் போன இடத்தில் என் அக்கா, ரேஷன் கடையில் எனக்குப் பின்னால் நிற்கிற ஆள் என்று யாராவது ஒருவர் என் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கி முடித்துவிடுவார்கள். அதிலும் என் பேர்தான் மோசம். முதல் எழுத்தில் உதடு ஒட்டிக்கொள்ளும். எதிரே இருப்பவர் இரண்டு நொடி பொறுப்பார், அப்புறம் அவரே ஒரு பேரைச் சொல்வார். அது தப்பான பேராக இருந்தாலும் நான் தலையாட்டிவிடுவேன். ஒரு டாக்டரின் சீட்டில் இன்றைக்கும் நான் வேறு ஆள்.

வேலை, ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திக்குவாயனுக்குக் கண்டக்டர் வேலையா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பஸ்ஸில் எனக்குத் திக்காது. “தேவிபட்டினம், திருப்பாலக்குடி, உப்பூர், தொண்டி தொண்டி தொண்டி” என்று படியில் தொங்கிக்கொண்டு கத்தும்போது மடை திறந்த மாதிரி வரும். யாராவது என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால்தான் கதை கந்தல். வசவும் எனக்குத் திக்காது. இந்த இரண்டையும் வைத்து இருபது வருஷமாகப் பிழைப்பு ஓடுகிறது.

ஹாம் ரேடியோ என்கிற சமாச்சாரத்தை முதலில் பார்த்தது ஒரு கல்லூரிக் கண்காட்சியில். புயலடித்து செல்போன் டவரெல்லாம் படுத்துவிட்டாலும் இது வேலை செய்யும் என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் புயல் மனதில் ஏறவில்லை. அவர் பட்டனை அழுத்திப் பேசினார், விட்டார். எங்கோ இருந்த ஒருவர் பதில் பேசினார், விட்டார். இருவருக்கும் அதற்கு முன் அறிமுகமே இல்லை. முதல் வேலையாகப் பேரைச் சொல்லிக்கொண்டார்கள். எனக்கும் ஆசை வந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் என் பேரை நானே முழுதாகச் சொல்ல வேண்டும், அவர் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தடவை நடந்தால் போதும். அதற்காகத்தான் புத்தகம் வாங்கினேன், படித்தேன், பரீட்சை எழுதினேன். போனில் ஆகாதா என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் எதிராளி “ஹலோ, ஹலோ, டவர் இல்ல” என்று வைத்துவிடுவார்.

லைசென்ஸ் வருவதற்கு முன்னால் போலீஸ் விசாரணை வந்தது. நாங்கள் இருப்பது திருப்பாலைக்குடி, கடலோரம். ரேடியோ என்றால் நாலு கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். வீட்டுக்கு வந்த ஏட்டு, “யாருகிட்டய்யா பேசப்போற?” என்றார். நான் உதட்டோடு போராடிக்கொண்டிருந்தேன். என் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷினை விட்டு எழாமலே சொன்னாள்: “வீட்டுல யாருகிட்டயும் பேசுறதில்ல சார். அதேன் மலைகிட்டப் பேசப்போறாராம்.”

ஏட்டு சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்.

மலையிடம் என்று அவள் சொன்னது பாதி நிஜம். கையில் பிடிக்கிற சின்ன செட்டின் குரல் ரொம்ப தூரம் போகாது. அதனால் மேற்கே மலை உச்சியில் ரிப்பீட்டர் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு அலைவரிசையில் பேசினால் அது வாங்கி, இன்னொரு அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும். நாலைந்து ஜில்லாவுக்குக் கேட்கும். தினமும் காலை ஏழு மணிக்கு அதில் ஒரு கூட்டம் கூடும். நடத்துகிறவர் கனத்த குரல்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஒவ்வொருவராக வந்து தங்கள் கால்சைனைச் சொல்வார்கள். அது லைசென்ஸோடு அரசாங்கம் தருகிற அடையாளம், எழுத்தும் எண்ணுமாக ஆறு. வண்டி நம்பர் மாதிரிதான். அதைச் சொன்னால்தான் அடுத்து பேர், ஊர் எல்லாம் கேட்பார்கள்.

எனக்கு ஒரு நாள் பஸ், ஒரு நாள் ஓய்வு. லைசென்ஸும் செட்டும் கைக்கு வந்த பிறகு, ஓய்வு நாளில் ஆறே முக்காலுக்கே மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். செட்டில் எல்லோர் குரலும் பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்டது. நான் கூப்பிட்டால் மட்டும் கிணற்றில் போட்ட கல். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். “இன்னைக்கு மலை என்ன சொல்லுச்சு?” என்பாள் என் மனைவி, காப்பியை நீட்டிக்கொண்டே.

முதல் தப்பைப் புத்தகத்தில் கண்டுபிடித்தேன். ரிப்பீட்டர் கண்டவனுக்கும் கதவைத் திறக்காது. நம் குரலோடு சேர்த்து அடிநாதமாக ஒரு ரீங்காரத்தை செட் அனுப்ப வேண்டும், டோன் என்பார்கள். இந்த ரிப்பீட்டருக்கு இந்த டோன் என்று கணக்கு இருக்கிறது. என் செட்டில் டோனே வைக்கவில்லை. மூன்று வாரம் பூட்டிய வீட்டு வாசலில் நின்று கத்தியிருக்கிறேன்.

டோனை வைத்தேன். அப்போதும் இல்லை. செட்டோடு வந்த ரப்பர் குச்சி இந்தத் தூரத்துக்குப் பற்றாது என்று தெரிந்தது. அலுமினியக் குழாய் வாங்கி, அளந்து அறுத்து, மீன்முள் மாதிரி ஒரு ஆன்டெனா செய்தேன். எங்கள் மாடியில் ஏற்கெனவே ஒரு இரும்புக் கம்பம் உண்டு. அந்தக் காலத்தில் இந்தக் கரை முழுக்க டிவி ஆன்டெனா கிழக்கே கடலைப் பார்த்துத்தான் நிற்கும், இலங்கை நிகழ்ச்சிதான் எங்களுக்குத் தெளிவாக விழும். கம்பத்தின் உச்சியில் துருப்பிடித்த ஒரு கை கிழக்கே நீட்டிக்கொண்டிருந்தது. அதிலேயே புது ஆன்டெனாவைக் கட்டினேன், டிவி ஆன்டெனா படுத்திருக்குமே அதே மாதிரி படுக்கவைத்து. கட்டி முடித்து, கீழே இறங்கி நின்று அழகு பார்த்தேன்.

பத்து நாள் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு நாட்டுப்படகுக்காரர் வலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அண்ணாந்து பார்த்தார்.

“என்ன மச்சான், மறுபடி இலங்கைப் படமா?”

அப்போதுதான் உறைத்தது. மலை மேற்கே இருக்கிறது. நான் பத்து நாளாகப் பாக் நீரிணைக்கு முதுகைக் காட்டாமல் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். புத்தகத்தைப் புரட்டினால் இன்னொரு அடி: ரிப்பீட்டருக்கு ஆன்டெனாவின் முட்கள் நெட்டுக்கு நிற்க வேண்டுமாம், படுக்கக் கூடாது. இந்தக் கரையில் பிறந்தவனைத் தவிர வேறு எவனும் ஒரே கம்பத்தில் இரண்டு தப்பை இப்படிச் சேர்த்துச் செய்ய மாட்டான். வெட்கக்கேடு. வெயிலில் ஏறி, கழற்றி, நெட்டுக்குத் திருப்பி, மேற்கே பார்க்க வைத்தேன்.

பட்டனை ஒரு நொடி அழுத்திவிட்டு விட்டேன். செட்டிலிருந்து ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வந்து, சட்டென்று அறுந்தது. ரிப்பீட்டர் என்னைக் கேட்டுத் திறந்து, நான் விட்டதும் மூடிக்கொண்ட சத்தம் அது. மாடியிலிருந்து கத்தினேன். அவள் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டோடு ஓடிவந்தாள். இன்னொரு தடவை அழுத்திக் காட்டினேன். “இதுக்கா?” என்று கேட்டாலும், கீழே போய்ச் சர்க்கரை கொண்டுவந்து வாயில் போட்டாள்.

இனி மனிதர்கள்தான் பாக்கி என்று நினைத்தேன். அடுத்த ஓய்வு நாள் காலை அழைத்தேன். பதில் இல்லை. அதற்கு அடுத்த ஓய்வு நாளும் இல்லை. ஒரு மாதம் இல்லை.

இங்கே என் தந்திரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திக்குகிறவனுக்கு, எல்லோரும் காத்திருக்கும் அமைதிக்குள் முதல் சொல்லைப் போடுவதுதான் நரகம். அதனால் எதிராளி கவனிப்பதற்கு முன்பே அடித்தொண்டையில் சொல்லை ஆரம்பித்துவிடுவேன். ஓடிவந்து வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி. ரேடியோவிலும் அதையே செய்தேன். பட்டனை அழுத்தாமல் கால்சைனை ஆரம்பிப்பேன், அது ஓட ஆரம்பித்ததும் அழுத்துவேன். சில நாள் ஓட்டமே வராது. அன்றைக்குப் பட்டனை அழுத்தி, வாய் அடைத்து, சும்மா விட்டுவிடுவேன். இதையெல்லாம் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு காலை கூட்டம் முடியும் நேரத்தில் நடத்துகிறவர் சொன்னார்: “ஒரு விஷயம். கொஞ்ச நாளா யாரோ ஒருத்தர் கால்சைன் சொல்லாம பட்டன அழுத்தி விளையாடிட்டு இருக்கார். பொது இடம் இது. லைசென்ஸ் இல்லாம இருந்தா தள்ளி இருங்க.”

இன்னொருவர், “சின்னப் பசங்களா இருக்கும் சார்” என்றார். சிரித்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செட்டைத் தரையில் வைத்து, அதன் முன்னால் நின்று, அந்தக் கனத்த குரல்காரரை ஏழு தலைமுறைக்கு இழுத்து வைது தீர்த்தேன். ஓர் எழுத்து திக்கவில்லை. நல்ல வேளை, பட்டனை அழுத்தவில்லை. திட்டி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இங்கேயும் என் சொல்லை அவர்களே முடித்துவைத்துவிட்டார்களே! விளையாட்டுப் பயல் என்று பேர் வைத்துவிட்டார்களே!

மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் அவள்.

“இம்புட்டு அழகாப் பேசுறீக. இத அமுக்கிக்கிட்டுச் சொல்லியிருந்தா இந்நேரம் பதில் வந்திருக்குமே.”

“எல்லாத்தையும் க... க... கழட்டப்போறேன்” என்றேன்.

“கழட்டுங்க. அதுக்கு முன்னாடி, நீங்க பேசுனா அங்கன எப்படிக் கேக்குதுன்னு ஒருக்காவாச்சும் கேட்டீகளா?”

கேட்கவில்லை. பேசும்போது அதே செட்டில் நம் குரலை நாமே கேட்க முடியாது. கேட்க மட்டும் ஆகும் ஒரு சின்ன ரிசீவர் வீட்டில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என் செட்டின் வேகத்தில் அது திணறிப்போகும். அவள் ரிசீவரையும் போனையும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள், நண்டு வலையில் பாசி பிரித்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு. ரிப்பீட்டரில் யாரும் இல்லாத மத்தியான வேளை. நான் மாடியிலிருந்து பத்துத் தடவை கால்சைனைச் சொன்னேன். மலைக்குப் போய்த் திரும்பி வந்ததை அவள் போனில் பதிவு செய்துகொண்டு வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள் என்பதுதான் சரி.

“வாலு மட்டும்தேன் வருது. தலையையும் காணோம், நடுமுள்ளையும் காணோம்.”

போட்டுக் கேட்டேன். உஸ்ஸ், கடைசி எழுத்தில் பாதி, உஸ்ஸ். அடுத்தது வெறும் உஸ்ஸ். பத்தும் அப்படியே. நான் ஓடிவந்து தாண்டியதெல்லாம் பட்டனுக்கு இந்தப் பக்கம். அதுவும் போக, பட்டனை அழுத்தியவுடன் ரிப்பீட்டர் திறந்துவிடாது. டோனைச் சரிபார்த்துத் திறக்க அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அழுத்த வேண்டும், ஒரு நொடி சும்மா இருக்க வேண்டும், பிறகு பேச வேண்டும். புத்தகத்தில் இதுவும் இருந்தது. ஒரு வரி. நான் படித்துவிட்டு, நமக்கு இல்லை என்று தாண்டிப்போன வரி.

அந்த ஒரு நொடிதான் என் ஆயுளுக்கும் எனக்குப் பகை. அழுத்தி, மனதுக்குள் ஒன்று எண்ணி, வாயைத் திறந்தால் உதடு பூட்டிக்கொண்டது. பத்துத் தடவை முயன்றேன், பத்துத் தடவையும் பூட்டு. அவள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பஸ்ஸுல மட்டும் எப்படி வருது?”

“அது க... கத்துறது. இது ப... பேசுறது.”

“அது இல்ல. நான் உங்க பஸ்ஸுல எத்தன தடவ வந்திருக்கேன். வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி தகரத்துல ரெண்டு தட்டுத் தட்டுறீக. தட்டாம ஒரு ஊரு பேரு உங்க வாயில வந்ததில்ல.”

இருபது வருஷமாக நான் கவனிக்காத விஷயம். பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ரெண்டு தட்டு, உடனே தேவிபட்டினம். தட்டு, தட்டு, உப்பூர். அவள் கீழே போய் அரிசி டின்னைக் காலிசெய்து மாடிக்குத் தூக்கிவந்தாள். அழுத்தினேன். டின்னில் ரெண்டு தட்டினேன். அந்த ரெண்டு தட்டுக்குள் ரிப்பீட்டரும் திறந்துவிட்டது. கால்சைன் ஆறு எழுத்தும் ‘தொண்டி தொண்டி’ ராகத்தில் வெளியே வந்து விழுந்தன. அவள் மறுபடி தெருமுனைக்குப் போய்ப் பதிவு செய்துவந்தாள். டமடம, தலை, நடுமுள், வால். எல்லாம் இருந்தது.

அடுத்த ஓய்வு நாள் காலை கூட்டம் ஆரம்பித்தது. நடத்துகிறவர் எல்லோரையும் விசாரித்துவிட்டு, “வேற யாராவது?” என்றார். அழுத்தினேன். தட்டினேன். சொன்னேன். விட்டேன்.

உஸ்ஸ். என் மனைவி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“டின் தட்டுற ஸ்டேஷன்,” என்றது கனத்த குரல், “உங்க கால்சைன் முழுசா வந்துச்சு. புதுக் குரலா இருக்கே, வாங்க வாங்க. உங்க பேரு, ஊரு சொல்லுங்க.”

ஊர் சுலபம். தினமும் கத்துகிற ஊர். தட்டி, “திருப்பாலக்குடி” என்றேன். பட்டனை விடவில்லை. பேருக்காகத் தட்டினேன். வரவில்லை. மறுபடி தட்டினேன். உதடு ஒட்டிக்கொண்டது. என் பேரை எந்த பஸ்ஸிலும் நான் கத்தியதில்லை, அதற்குத் தட்டு உதவவில்லை. இந்த இடத்தில்தான் எப்போதும் யாராவது உள்ளே புகுவார்கள். அவர் என்ன பேரைச் சொல்லப்போகிறாரோ, நான் எந்தப் பேருக்குத் தலையாட்டப்போகிறேனோ என்று காத்திருந்தேன்.

யாரும் புகவில்லை. அப்போதுதான் புரிந்தது. என் விரல் பட்டன் மேல் இருக்கும்வரை ரிப்பீட்டர் என்னுடையது. அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாலும் என் செட்டில் கேட்காது. என்ன பேரைத்தான் ஊகிக்கட்டுமே, அதை என் வாயில் திணிக்க அவரால் முடியாது. ஒரே ஆள் நிறுத்தாமல் மூன்று நிமிஷம் பிடித்தால் ரிப்பீட்டர் தானாக மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். மூன்று நிமிஷம்! என் பேருக்கு இதுவரை யாரும் மூன்று நொடி தந்ததில்லை. தட்டுவதை நிறுத்தினேன். மூச்சை விட்டேன். உதடு ஒட்டியிருக்கும்வரை ஒட்டியிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பின்பு என் பேர் வந்தது, முதல் எழுத்து இழுத்துக்கொண்டு, மிச்சம் பின்னாலேயே. பட்டனை விட்டேன்.

உஸ்ஸ்.

“கேட்டுக்கிட்டேன், திருப்பாலக்குடி. பேர் சொல்றப்ப சிக்னல் கொஞ்சம் ஆடிருச்சு. இன்னொரு தடவ சொல்லுங்க, அவசரமில்ல.”

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. அழுத்தினேன், சொன்னேன். முன்பைவிட ஒன்றும் சுலபமாக இல்லை. விட்டேன். அவர் என் பேரை முழுதாகத் திருப்பிச் சொல்லி, சரிதானே என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் எனக்கு முன்னால் சொல்லாமல், நான் சொன்ன பிறகு என் பேரைச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.